தெஹ்ரான் தூதரகமும் ஊவாத் தேயிலையும்

நமுனுகுலை மலைச்சாரலிலே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கும், பாரசீக நாட்டின் தலைநகராகிய தெஹ்ரானிலே ஒரு தூதரகத்தின் வாயிற்கதவு உடைக்கப்பட்டமைக்கும் யாது தொடர்பு என்று வினவுவோர் உளர். தொடர்பு உண்டு என்பதே நமது கருத்து. வெளிநாட்டுக் கொள்கை என்பது கொழும்பிலே சில பெரியோர் கூடித் தமக்குள் ஆங்கிலத்திற் பேசி முடிக்கும் காரியம் என்றும், பதுளை மக்கள் அதனை மறுநாட் பத்திரிகையிற் படித்து மடித்து வைத்தல் போதும் என்றும் நம்மவருள் மிகப் பலர் எண்ணியிருக்கின்றனர். விழா மலரிலே பழைய நினைவுகளும், விளையாட்டு வெற்றிகளும், ஆசிரியப் பெருமக்களைப் பற்றிய புகழுரைகளும் நிறைந்திருத்தல் முறையே. அவற்றின் நடுவே இப்பொருளும் சில பக்கங்களைப் பெறுதல் தகும் எனத் துணிந்தே இதனை எழுதலானோம்.

நிகழ்ந்ததை முதலிற் கூறுவோம். 1979ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி, தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் மதிலை மாணவர் கூட்டமொன்று ஏறிக் கடந்து உட்புகுந்தது. மொத்தம் 66 அமெரிக்கர் பிடிக்கப்பட்டனர். பெண்களும் கறுப்பினத்தவருமாக 13 பேர் இரு வாரங்களின் பின்னரும், நோயுற்ற ஒருவர் அடுத்த ஆண்டு ஜூலையிலும் விடுவிக்கப்பட்டனர். எஞ்சிய 52 பேரும் 444 நாட்கள் பணயக் கைதிகளாகவே வைத்திருக்கப்பட்டனர். நாடு விட்டோடிய மன்னர் ஷாவை நோய்க்குச் சிகிச்சை பெறுதற்காக அமெரிக்கா 1979 ஒக்டோபர் 22இல் நியூயோர்க்கில் ஏற்றுக்கொண்டமையே உடனடிக் காரணம். ஆனால் அதற்கு அடியிலே வேறொரு காரணம் கிடந்தது. எண்ணெய்க் கிணறுகளை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதிக்கை 1953 ஓகஸ்டிலே அமெரிக்க, பிரித்தானிய உளவு நிறுவனங்கள் சூழ்ச்சியால் வீழ்த்தி, மன்னரின் கையை வலுப்படுத்தின. அந்தப் பழைய காயத்தை ஈரானியர் மறக்கவில்லை. மன்னருக்கு மறுபடியும் முடிசூட்ட அதே தூதரகத்திற் சதி நடக்கின்றது என்று அம்மாணவர் நம்பினர். அவர்கள் நம்பியதற்கு ஏது இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. செய்தது சரியா என்பது வேறு வினா.

அவ்வினாவுக்கு விடை காண நாம் வியன்னாவுக்குப் போகவேண்டியதில்லை. இராவணன் பெயரால் அருவியும் குகையும் உடைய எல்லவுக்கு அயலில் வாழ்பவர் நாம். இலங்கை வேந்தன் அவையிலே கட்டுண்டு நின்ற அனுமனைக் கொல்லுமாறு ஆணை பிறந்தபோது, தூதனைக் கொல்லுதல் தகாது என்று தடுத்தவன் வீடணன். கொலை தவிர்ந்தது, ஆயினும் வாலிலே தீ வைத்தனர். தூதனுக்கு இழைத்த அந்தச் சிறுமையின் விலை யாதாயிற்று என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். கண்ணன் தூது வந்தபோது அவனைச் சிறைப்படுத்த எண்ணிய துரியோதனன் கதையும் அத்தகையதே. வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் வேலும் வாளுமின்றிச் சொல்லை மாத்திரமே கொண்டு சென்றார். வந்தவன் பகைவனின் வாயே ஆயினும், அந்த வாய் பேசிவிட்டுத் திரும்புதற்கு வழி இருந்தாலன்றிப் போருக்கு முடிவு இல்லை. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை இப்பழைய அறத்துக்குச் சட்ட உருவம் கொடுத்தது. தூதரக மனைக்குள் ஏற்கும் நாட்டின் அதிகாரிகளும் இசைவின்றிப் புகலாகாது என்பது அதன் 22ஆம் உறுப்புரை. தூதுவரின் உடலைத் தீண்டலாகாது என்பது 29ஆம் உறுப்புரை.

தூதரகத்தில் இருந்தோர் ஒற்றர் எனின் என் செய்வது? ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 1980 மே 24இல் அளித்த தீர்ப்பிலே இதற்குத் தெளிவான மறுமொழி உண்டு. ஒற்று வேலை மெய்யாகவே நடந்திருப்பினும், அதற்கு மருந்து தூதர் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றது: வேண்டாதவர் என அறிவித்து அவரை வெளியேற்றலாம், பொறுக்க முடியாதாயின் உறவையே துண்டிக்கலாம். பிடித்து அடைத்து வைத்தல் அம்மருந்துகளுள் ஒன்றன்று. மாணவர் செயலை முதல்நாளில் அரசு தடுக்கத் தவறியது ஒரு பிழை; பின்னர் அதனைத் தனது செயலாகவே ஏற்றுக்கொண்டது அதனினும் பெரும் பிழை என்றது மன்றம். அதே மன்றம், வழக்கு நடந்துகொண்டிருக்கையிலே 1980 ஏப்பிரல் 24, 25ஆந் திகதிகளில் அமெரிக்கா ஈரானியப் பாலைவனத்திற் படை இறக்கிக் கைதிகளை மீட்க முயன்றதையும் கடிந்துரைத்தது. அம்முயற்சி பாலைவன மணலிலே எட்டு அமெரிக்கப் போர்வீரரின் உயிரோடு முடிந்தது. அதனை எதிர்த்திருந்த அமெரிக்க வெளிநாட்டமைச்சர் சைரஸ் வான்ஸ் பதவி துறந்தார். தம் கருத்துக்காகப் பதவியை விட்ட அமைச்சரை நாம் அடிக்கடி காண்பதில்லையாதலின் இப்பெயரை இங்குக் குறித்து வைக்கின்றோம்.

இனி, இந்நிகழ்ச்சி வெளிநாட்டுக் கொள்கையை எவ்வாறு திருப்பியது என்பதைக் காண்போம். தூதரகம் வீழ்ந்து இரண்டு நாளிலே, நிதானப் போக்குடைய பிரதமர் பசர்கானின் அரசு பதவி விலகியது. வெளிநாட்டுக் கொள்கையைக் கொண்டு உள்நாட்டு எதிரியை வீழ்த்தலாம் என்பதை ஈரானின் கடும்போக்காளர் அன்றே கற்றனர். மறுபுறத்தில் ஜனாதிபதி கார்ட்டர் நவம்பர் 12இல் ஈரானிய எண்ணெயை வாங்குதலை நிறுத்தினார். 14ஆந் திகதி அமெரிக்க வங்கிகளிலே கிடந்த ஈரானிய உடைமைகளை முடக்கினார். முடக்கப்பட்டது ஏறத்தாழ 1200 கோடி டொலர். 1980 ஏப்பிரல் 7இல் தூதர் உறவு துண்டிக்கப்பட்டது. அதன் பின்னர் தெஹ்ரானில் அமெரிக்காவின் நலன்களைச் சுவிற்சர்லாந்தே பார்த்து வந்தது. அல்ஜீரிய நாட்டினர் இடைநின்று பேசி 1981 ஜனவரி 19இல் உடன்படிக்கை செய்வித்தனர். அடுத்த நாள் றேகன் பதவிப் பிரமாணம் செய்து சில நிமிடங்களுக்குள் 52 பேரும் விடுதலையாயினர். கார்ட்டர் தேர்தலிற் தோற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

கைதிகள் வீடு சேர்ந்தனர்; ஆனால் 1979 நவம்பர் 14இல் ஈரான் தொடர்பாகப் பிரகடனம் செய்யப்பட்ட அமெரிக்க அவசரநிலை வீடு சேரவில்லை. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்தே வந்தனர். கார்ட்டர் போய், றேகன் போய், அவருக்குப் பின் வந்தோரும் போய், அக்காகிதம் மட்டும் வாழ்ந்தது. அந்த 444 நாட்களிலே உண்டான மனக்கசப்பு இரு நாடுகளிலும் ஒரு கொள்கையாகவே உறைந்துவிட்டது. தடைக்கு மேல் தடை வந்தது. 2012இல் ஈரானிய வங்கிகள் உலக வங்கிகளுக்கிடையிலான செய்தித் தொடர்பினின்று நீக்கப்பட்டன. 2015இன் அணுசக்தி உடன்பாட்டினால் சிறிது வெளிச்சம் தென்பட்டது. 2018 மே மாதம் அமெரிக்கா அதனின்று விலகியது. 2025 செப்டெம்பரிலே ஐக்கிய நாடுகள் சபையின் பழைய தடைகளும் மீண்டும் உயிர்பெற்றன. இவையனைத்துக்கும் மதில் ஏறிக் குதித்த அந்தப் பகற்பொழுதே காரணம் என்று நாம் கூறவில்லை. அணுவுலை வேறு, இஸ்ரேல் வேறு, எண்ணெய் வேறு. எனினும், பேசித் தீர்க்கலாம் என்று ஒரு தலைவர் கருதிய ஒவ்வொரு வேளையிலும் அவ்விரு நாடுகளின் அரசியல்வாதிகளும் 1979இன் படங்களை எடுத்துக்காட்டி அவர் வாயை அடைக்க முடிந்தது.

மதிலை உடைத்தோர்க்கே ஒருநாள் மதில் வேண்டியதாகும் என்பதையும் காலம் காட்டியிருக்கின்றது. தெஹ்ரானில் அமெரிக்கர் அடைபட்டிருந்த காலத்திலேயே, 1980 ஏப்பிரல் 30இல், லண்டனிலுள்ள ஈரானியத் தூதரகத்தை ஆயுதந் தாங்கிய அறுவர் கைப்பற்றினர். தம் தூதரை மீட்டுத் தருமாறு ஈரான் பிரித்தானியாவின் பொறுப்பை நாட வேண்டியதாயிற்று. 2024 ஏப்பிரல் 1இல் டமஸ்கஸ் நகரில் ஈரானியத் துணைத்தூதரக மனை வான்குண்டுக்கு இரையானபோது, அதே ஈரான் தூதரக மனையின் தீண்டாமையை உலகுக்கு எடுத்துரைத்தது. உரைத்தது நியாயமே. நாலு நாளின் பின் ஈக்குவடோர் நாட்டுக் காவலர் மெக்சிக்கோத் தூதரகத்தின் கதவை உடைத்துப் புகுந்தனர். இக்காலத்திலே மதில்கள் எங்கும் மெலிந்து வருகின்றன போலும்.

இலங்கையின் நிலை அக்காலத்தில் எவ்வாறிருந்தது? 1976 ஓகஸ்டில் கொழும்பிலே கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டு முதலாக மூன்றாண்டுகள் அவ்வியக்கத்தின் தலைமை நம்மிடம் இருந்தது. 1979 செப்டெம்பரில் ஹவானா மாநாட்டிலே அதனைக் கியூபாவிடம் ஒப்படைத்தோம். தெஹ்ரான் நிகழ்ச்சி அதற்கு இரண்டு மாதத்தின் பின் வந்தது. இன்னும் சில திங்கள் தலைமை நீடித்திருப்பின், அல்ஜீரியா பெற்ற புகழை நாம் பெற்றிருப்போமோ என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. ஆயின் அல்ஜீரியருக்கு இருந்த பொறுமையும் மொழித்திறமும் நமக்கு இருந்தனவா என்பதையும் உடன் எண்ண வேண்டும். நம் மண்ணிலும் இக்கொடுமை தலைகாட்டாமல் இல்லை. 1984 மே மாதத்தில் நீர்வழங்கல் வேலைக்காக யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கத் தம்பதியர் ஆயுதக் குழுவொன்றினாற் கடத்தப்பட்டு, சில நாட்களில் தீங்கின்றி விடப்பட்டனர். எக்கொள்கையின் பெயராற் செய்யினும், வழிப்போக்கரைப் பிடித்து வைத்துப் பேரம் பேசுதல் தமிழருக்கு மானம் சேர்க்கும் செயலன்று. பிறர் செய்தாற் பழித்து, நம்மவர் செய்தால் வாளாவிருத்தல் நடுநிலையாகாது.

இப்போது தேயிலைக்கு வருவோம். பாரசீகத்துக்குத் தேயிலைச் செடியைக் கொண்டு சென்றவரே ஒரு தூதர்தாம் என்பது சுவையான செய்தி. 1900ஆம் ஆண்டளவிலே இந்தியாவில் ஈரானின் தூதரலுவலராக இருந்த காஷிப் அல் சல்தனே என்பவர், தேயிலைப் பயிர்த்தொழிலைக் கற்று, ஆயிரக்கணக்கான நாற்றுக்களைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்று காஸ்பியன் கரைக்கு அணித்தான லாஹிஜானில் நட்டார். அவர் கல்லறை அமைந்த இடமே அங்கே தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. தூதராய்ப் போனவர் இவ்வாறு ஒரு செடியைக் கொண்டு திரும்பியதால், அந்நாட்டிலே தேயிலைப் பயிர்த்தொழில் வேரூன்றியது. ஆனால் லாஹிஜான் தருவது அந்நாட்டுக்குப் போதாது. பால் கலவாது, சீனிக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, செந்நிறச் சாயத்தைப் பருகும் ஈரானியர்க்கு இலங்கைத் தேயிலை வெகுகாலமாகப் பிடித்த பொருள். ஈராக், ரஷ்யா, துருக்கி ஆகியவற்றோடு ஈரானும் நமது தலையாய வாடிக்கை நாடுகளின் வரிசையில் இருந்து வந்தது.

ஈண்டு ஒன்றை நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். ஈரானியர் பெரிதும் விரும்புவது தாழ்நாட்டிலே விளையும் பெரிய இலைத் தேயிலை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறள வீசும் பருவத்திலே நம் மலைகளிற் பிறக்கும் மணமிக்க ஊவாத் தேயிலைக்கு யப்பான், ஜேர்மனி முதலிய இடங்களிலேதான் மதிப்பு அதிகம். அப்படியாயின் ஈரானியத் தடை காலிக்கும் மாத்தறைக்குமே உரிய கவலையன்றோ என்று கேட்கலாம். ஏலச்சாலையை அறிந்தவர் அவ்வாறு கேளார். கொழும்பு ஏலம் 1883 தொடக்கம் நடைபெறும் ஒரே சந்தை. அங்கே பெருந்தொகையாக வாங்கும் ஒருவர் கையைச் சுருக்கிக்கொண்டால், அவர் வாங்காமல் விட்டது வேறு வாயிலைத் தேடி அலையும். சந்தை முழுவதும் தளரும். தாழ்நாட்டின் சிறு தோட்டக்காரர் முதலில் இருமுவர். பிறகு மடுல்சீமையிலும் ஹப்புத்தளையிலும் தும்மல் கேட்கும். தோட்டத் துரைமார் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு வரும்போதெல்லாம் கையில் ஏந்தி வருவது அந்த ஏல விலைப் பட்டியல் அன்றோ? நாட்சம்பளம் 1000 ரூபாயை அடைவதற்கு 2021 வரை நம் மக்கள் காத்திருந்தனர்.

தடை தேயிலையை நேரே தடுப்பதில்லை. தேயிலை உணவுப்பொருள், அமெரிக்கச் சட்டமும் அதற்கு விலக்கு அளிக்கின்றது. தடுக்கப்படுவது பணம் வரும் பாதை. ஈரானிய வியாபாரி விலை கொடுக்க ஆயத்தமாயிருப்பார்; கொழும்பு வியாபாரி பெட்டிகளைக் கட்டி வைத்திருப்பார்; நடுவே உள்ள வங்கி, அமெரிக்காவின் தண்டனைக்கு அஞ்சி, அப்பணத்தைத் தொடமாட்டேன் என்னும். வங்கி முகாமையாளருக்கு அஃது ஒரு கையெழுத்து. கொழுந்தைச் சுமந்து நிறுவைக்கு நின்றவளுக்கு அது நெஞ்சைப் பிடித்த காரியம்.

எண்ணெய் வழியிலும் அடி விழுந்தது. 1969இல் வேலை தொடங்கிய சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்கு ஏற்ப அமைந்தது. 2012இன் தடை இறுகியதும், வாங்கிய எண்ணெய்க்கு விலை அனுப்பவும் வழியில்லாது போயிற்று. அக்கடன் 25 கோடி 10 இலட்சம் டொலர். நாடு டொலரின்றித் தவிக்கத் தொடங்கிய 2021 டிசெம்பரில் ஓர் ஏற்பாடு செய்தனர்: மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை ஈரானுக்கு அனுப்பி, அப்பழைய கடனைக் கழிப்பது. தேயிலை ஏற்றுவோர்க்கு நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாயிற் பணம் கொடுக்கும். டொலர் எல்லையைக் கடவாது. ஏற்பாடு 2023இலே தான் செயலுக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், கடன் முழுதும் தீர நாலாண்டுக்கு மேலாகும்.

இவ்வேற்பாட்டைப் பெரும் இராஜதந்திர வெற்றி என்று சிலர் மெச்சினர். அவர்களோடு நாம் முற்றும் உடன்படுவதற்கில்லை. இதனை 1952ஆம் ஆண்டின் இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். அந்நாளிலே உலகில் அரிசி அருகியிருந்தது. நமது இறப்பருக்கு விலை விழுந்திருந்தது. செஞ்சீனாவுக்கு இறப்பர் விற்றால் உதவி நிற்கும் என்று அமெரிக்கா எச்சரித்தது. இலங்கை அஞ்சவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று, அமெரிக்க உதவி நின்றது, ஆனால் சீன அரிசி நம் மக்களின் உலையில் வெந்தது. இடதுசாரிகளல்லாத ஓர் அரசே இதனைச் செய்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1952இல் பொருளுக்குப் பொருள் கிடைத்தது. 2021இன் ஏற்பாட்டிலோ, என்றோ எரித்து முடித்த எண்ணெய்க்கு இன்று பறிக்கும் கொழுந்து போகின்றது. கடனைக் கொடுத்தல் கண்ணியமே, அதில் ஐயமில்லை. ஈரான் வட்டி வாசி பேசி நெருக்காமல் தேயிலையாக ஏற்றுக்கொண்டமையும் நட்பின் அடையாளமே. ஆயினும், தொடக்கத்திலேயே துணிந்து இவ்வழியை வகுத்திருந்தால், கடன் கிடந்த ஒன்பது ஆண்டுகளிலும் ஈரானியச் சந்தையை இவ்வளவு இழந்திருக்க வேண்டியதில்லை என்பதே நமது குறை.

தேயிலையாவது கண்காணாத் தொலைவுக்குப் போகும் பொருள். நம் காலடியிலேயே நிகழ்ந்தது ஒன்றுண்டு. உமா ஓயாத் திட்டத்தைப் பதுளை மாவட்டத்தார் ஒருவரும் மறந்திருக்க மாட்டார். 2008 ஏப்பிரலில் ஈரானிய ஜனாதிபதி அகமதிநெஜாத் வந்து தொடக்கிவைத்த திட்டம் அது. புகுல்பொலையிலும் டயரபாவிலும் அணை கட்டி, மலையைக் குடைந்து 15 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தால் நீரைத் தென்புறம் இறக்கி, வெல்லவாயப் பக்கத்திலே நிலத்தடியில் 120 மெகாவாற்று மின்சாரம் எடுத்து, பின் அந்நீரை மொனராகலை, அம்பாந்தோட்டை வயல்களுக்குப் பாய்ச்சுவது நோக்கம். 50 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவிலே நூற்றுக்கு 85 பங்கை ஈரானின் ஏற்றுமதி அபிவிருத்தி வங்கி கடனாகத் தருவதாக இருந்தது. 2013 வரையில் 5 கோடி டொலர் வந்தது. அதற்கு மேல் அனுப்ப இயலாதபடி தடை வந்து வழியை அடைத்தது. ஈரானிய ஒப்பந்தக்காரரான ஃபராப் நிறுவனத்தையே வைத்துக்கொண்டு, எஞ்சிய செலவை இலங்கை தன் மடியிலிருந்து கொடுத்தது. இவ்வாறு, 1979இல் நியூயோர்க் வங்கிகளிலே தொடங்கிய முடக்கம் முப்பத்து நாலு ஆண்டின் பின் வெலிமடை மலைக்குள்ளே வந்து நின்றது.

அதற்குள் வேறொரு துன்பமும் நேர்ந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியிலே சுரங்கத்துள் நிலத்தடி நீர் பீறிட்டுப் பாய்ந்தது. பண்டாரவளைச் சுற்றாடலிற் கிணறுகள் வற்றின. பீலிகளில் நீர் அருகியது. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூன் மாதத்திலே பண்டாரவளை நகரில் கடையடைத்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குடத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற ஊர்வலம் என்று அதனைச் சொல்லலாம். இத்துன்பத்தைத் தடையின் தலையிலே கட்டிவிட நாம் ஒருப்படோம். மலையின் நீரோட்டத்தை முற்றாக ஆராயாது குடைந்தது நம்மவர் குற்றம். சூழலறிஞர் எழுப்பிய எச்சரிக்கைகள் போதிய செவிசாய்ப்பைப் பெறவில்லை. ஆனால் பணமுடையும் கால நீட்சியும் சேர்ந்தமையால் காயம் ஆறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஏப்பிரல் 24இல் ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியும் நமது ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் கூடி நின்று திட்டத்தைத் திறந்துவைத்தனர். அடுத்த மாதம் 19ஆந் திகதி ரைசி உலங்குவானூர்தி விபத்திலே மாண்டார். அவர் செய்த கடைசி வெளிநாட்டுப் பயணங்களுள் ஒன்று நமது மாகாணத்துக்கே அமைந்தது.

பிறர் போட்ட கணக்கிற்கு நம் மக்கள் விலை கொடுத்தல் இது முதன்முறையன்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியிலே கைச்சாத்திட்ட உடன்படிக்கையில் மலையகத் தமிழர் 975,000 பேர் என்று எண்ணப்பட்டனர்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிகுதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம். 1974இல் அம்மிகுதியையும் பாதி பாதியாகப் பிரித்தனர். பண்டத்தைப் பங்கிடுவதுபோற் பங்கிட்டபோது, பங்கிடப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. பதுளைப் புகையிரத நிலையத்திலே அழுகுரலோடு புறப்பட்ட வண்டிகளைக் கண்டோர் நம் பழைய மாணவருள் இன்றும் இருக்கின்றனர். பணயம் என்ற சொல்லின் பொருளை நமக்கு அகராதி கொண்டு விளக்க வேண்டியதில்லை. இதனாலேயே தெஹ்ரானில் அடைபட்டிருந்த அந்த 52 பேரிடத்தும் நமக்கு இரக்கம் பிறக்கின்றது. தடையினால் மருந்தின்றி வாடிய ஈரானியக் குழந்தைகளிடத்தும் அதே இரக்கம் பிறக்கின்றது. இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுமாறு வல்லரசுகளின் அடியார் நம்மைக் கேட்பர். தேர வேண்டிய கடப்பாடு நமக்கில்லை.

தூதரக மதில் பெரிய நாடுகளுக்கே பயன்படுவது என்று கருதுவோர்க்கு ஒரு சொல். அமெரிக்காவுக்குத் தூதரகம் போனாலும் கப்பற்படை உண்டு. நமக்கு என்ன உண்டு? ஊவாத் தோட்டங்களினின்று குவைத்துக்கும் சவூதி அரேபியாவுக்கும் வீட்டுவேலைக்குப் போன பெண்கள், எசமானர் கொடுமைக்கு ஆற்றாது நள்ளிரவில் ஓடிச் சேரும் ஒரே இடம் இலங்கைத் தூதரகம். அந்த வாயிலுக்குள் கால் வைத்துவிட்டால் துரத்தி வந்தவன் வெளியே நிற்க வேண்டும். அவனை நிறுத்துவது நமது காவலாளியின் தடியன்று. வியன்னாவில் எழுதிய 22ஆம் உறுப்புரை. 1990 ஓகஸ்டிலே ஈராக் குவைத்தைக் கைப்பற்றி, அங்குள்ள தூதரகங்களை மூடுமாறு பணித்து, மேல்நாட்டவரை மனிதக் கேடயமாகப் பிடித்து வைத்தபோது, அந்தப் பாலைவனத்திலே பல்லாயிரம் இலங்கையர் நாதியற்றுத் தவித்தனர். அவ்வாண்டே ஐக்கிய நாடுகளின் தடையால் ஈராக்குக்குப் போகும் தேயிலையும் நின்றது. மகளும் அங்கே அகப்பட்டு, தோட்டத்திலே வேலைநாளும் குறைந்த குடும்பங்களின் வேதனையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வலியவனுக்குச் சட்டம் ஓர் அணிகலன். எளியவனுக்கு அது கூரை. ஆகவே, எந்நாட்டுத் தூதரகத்தின் மீது எவர் கல்லெறியினும் இலங்கை அதனைக் கண்டித்தல் வேண்டும்; எறிந்தவர் நமது நண்பர் என்றோ, எறியப்பட்டவர் நமக்கு ஆகாதவர் என்றோ பார்த்தலாகாது. கொழும்பிலே அயல்நாட்டுத் தூதரகங்களின் வாயிலில் ஆர்ப்பாட்டம் செய்யும் நம் அரசியற் கட்சியினரும், கோஷம் எவ்வளவு உரக்க இருப்பினும் வாயிலுக்கு வெளியே நிற்றலைப் பழகிக்கொள்ள வேண்டும்.

அதே குரலிலே, தனியொரு நாடு விதிக்கும் தடை நமது தேயிலைக்கும் உணவுக்கும் வரும் பணத்தை மறித்தலாகாது என்றும் இலங்கை சொல்லுதல் வேண்டும். இதனை வாஷிங்டனிலே பணிவோடும் ஓயாமலும் சொல்லலாம். உணவுப்பொருளுக்கு விலக்கு உண்டு என்று ஏட்டில் எழுதியிருப்பது போதாது. இன்ன வங்கியின் வழியே இன்ன முறையிற் பணம் வரலாம், அதற்குத் தண்டனை இல்லை என்று எழுத்திலே உறுதி பெற வேண்டும். தேயிலைச் சபையும் வெளிநாட்டமைச்சும் தனித்தனியே ஓடாமல் ஒரே நுகத்திற் பூட்டப்படல் வேண்டும். இரண்டொரு மேற்காசிய நாடுகளை நம்பியே தேயிலையை விற்பதும் அபாயம். 1970இல் இஸ்ரேலுடன் உறவை நிறுத்தி, 1984இல் அமெரிக்கத் தூதரகத்தின் நிழலிலே இஸ்ரேலியப் பிரிவொன்றைத் திறந்து, 1990இல் அதனை மூடியது வரை நாம் தடுமாறியபோதெல்லாம், அரபு நாடுகளின் தேயிலைக் கிண்ணம் நம் கண்முன்னே ஆடிக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளரின் முகம் பார்த்தே கொள்கை வகுப்பவன் கடைக்காரன், அரசு ஆகான்.

நம் மாணவருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு வாயில்களையே முட்டிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுள் ஒருசிலராவது வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையை நாடுதல் வேண்டும். அது பட்டதாரிகளுக்குத் திறந்த போட்டிப் பரீட்சை. கொழுந்துக் கூடையின் பாரத்தை வீட்டிலே கண்டறிந்த ஒருவர் தெஹ்ரானிலோ, குவைத்திலோ, வாஷிங்டனிலோ இலங்கையின் பேரால் உட்கார்ந்து பேசினால், அந்தப் பேச்சின் பொருளே வேறாக இருக்கும். கல்லூரி விவாதக் கழகத்தார் அடுத்த தவணையில் இத்தடை விடயத்தையே பொருளாக எடுத்துக்கொள்ளலாம். பழைய மாணவர் சங்கத்தார் நூல்நிலையத்துக்கு வியன்னா உடன்படிக்கையின் பிரதிகள் சிலவற்றை வாங்கிக் கொடுத்தால் நன்று. உறுப்புரைகள் 53 தாம். ஊக்கமுள்ள மாணவன் ஒருவன் ஓர் இரவிலே படித்து முடிப்பான்.